சென்னைப் பொது அஞ்சலகம்

சென்னைப் பொது அஞ்சலகம் என்பது, சென்னை மாநகரின் பழைய வணிகப் பகுதியான பாரிமுனைக்கு அருகில், ராஜாஜி சாலையில் அமைந்துள்ள அஞ்சலகம் ஆகும். பேச்சு வழக்கில் இது ஜி.பி.ஓ. என்றே அழைக்கப்படுகின்றது. இதன் கட்டிடம் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் என்னும் ஆங்கிலேயக் கட்டிடக்கலைஞரால் இந்தோ-சரசனிக் பாணியில் வடிவமைக்கப்பட்டு, 1884 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அஞ்சல் பணிக்கென்றே கட்டப்பட்ட இக்கட்டிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அதே பணிக்குப் பயன்பட்டு வருகின்றது. அண்ணா சாலையில் உள்ள தலைமை அஞ்சலகம் வேறு ஒரு கட்டிடம். இரண்டையும் ஒன்றாகக் கருதுவது அடிக்கடி நேரும் குழப்பமாகும்.

வரலாறு

கிழக்கிந்தியக் கம்பனியின் தொடக்க காலத்தில் சென்னையில் பொதுமக்களுக்கான அஞ்சல் சேவை இருக்கவில்லை. எட்வர்ட் ஹாரிசன் ஆளுநராக இருந்தபோது, 1712 ஆம் ஆண்டளவில் வங்காளத்துக்குக் கடிதங்களைக் கொண்டு செல்ல ஓட்டக்காரர்கள் அமர்த்தப்பட்டனர். இவர்கள் குறித்த தொலைவு வரை கால்நடையாக ஓடி, பையை அடுத்தவரிடம் ஒப்படைத்துத் திரும்புவர். வட இந்தியாவில் "டாக்" எனப்பட்ட இம்முறை தென்னிந்தியாவில் "தப்பால்" எனப்பட்டது. இன்றைய "தபால்" என்னும் சொல் இதனோடு தொடர்புடையது. இப்போது அலுவல் வழக்கில் உள்ள "அஞ்சல்" என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. திருவாங்கூர், கொச்சி அரசுகள் தாம் நடத்திய கடிதச் சேவைக்கு அப்பெயரையே வைத்திருந்தன. அச்சேவை 1951 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டது.

சென்னையில் பொது அஞ்சலகம் 1786 ஆம் ஆண்டு சூன் 1 ஆம் தேதி, சர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் ஆளுநராக இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் 1774 ஆம் ஆண்டிலும் பம்பாயில் 1794 ஆம் ஆண்டிலும் இத்தகைய அஞ்சலகங்கள் ஏற்பட்டன. எனவே மூன்று மாகாணத் தலைநகரங்களுள் சென்னை இரண்டாவது ஆகும். சேவை வளர வளரக் கோட்டைக்குள் இருந்த இடம் போதாமற் போயிற்று. அலுவலகம் வெளியே மாற்றப்பட்டுச் சில காலம் பிராட்வேயில் இயங்கியது.

தொடக்கத்தில் கடிதக் கட்டணம் எடையையும் தொலைவையும் பொறுத்து அமைந்திருந்தது. 1854 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தியா முழுவதற்கும் அஞ்சல் தலைகள் அறிமுகமாயின. கால் தோலா எடை வரை உள்ள கடிதம் நாட்டின் எப்பகுதிக்கும் அரை அணாவில் செல்லலாம் என்ற நிலை உருவானது. கடிதங்களின் எண்ணிக்கை பெருகுவதற்கு இது முதற் காரணம். இரண்டாவது காரணம் இருப்புப்பாதை.

இருப்புப்பாதையும் அஞ்சலும்

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 ஆம் ஆண்டு சூலை 1 ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அரக்கோணம் இப்பாதையில் அமைந்த ஊர். பின்னர் அரக்கோணத்திலிருந்து வடமேற்காக ரேணிகுண்டா வழியே ஒரு பாதை பிரிந்தது. அது 1871 ஆம் ஆண்டில் ராய்ச்சூரை அடைந்து, பம்பாயிலிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. இங்கிலாந்திலிருந்து வரும் கடிதங்கள் அக்காலத்தில் பம்பாயில் இறக்கப்பட்டமையால், சென்னைக்கான வெளிநாட்டு அஞ்சல் இப்பாதையிலேயே தொடர்வண்டியில் வரத் தொடங்கியது. மேற்குக் கரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த அஞ்சலும் அரக்கோணத்தைக் கடந்தே சென்னை வந்தது. அரக்கோணம் ஒரு பெரும் சந்திப்பாக உருப்பெற்றதும், சென்னைக்கு ஒரு பெரிய அஞ்சலகம் தேவைப்பட்டதும் ஒரே மாற்றத்தின் இரு விளைவுகள் எனலாம். புதிய கட்டிடத்துக்கான வேலைகள் 1870களின் நடுப்பகுதியில் தொடங்கின.

தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அன்று கடற்கரையோரத்து முதல் வரிசை. ராஜாஜி சாலைக்கு அப்போது வடக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். செயற்கைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876 ஆம் ஆண்டில் தொடங்கும் வரை கடல் இச்சாலைக்கு மிக அருகில் இருந்தது. வங்கிகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் இவ்வரிசையிலேயே அலுவலகம் அமைத்திருந்தன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பதனிடப்பட்ட தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவே இலண்டனுக்குச் சென்றது. அத்தகைய வணிகத்துக்குக் கப்பல் புறப்படும் நாளும் அஞ்சல் புறப்படும் நாளும் ஒருங்கே தெரிந்திருப்பது அவசியமாக இருந்தது.

கட்டிடக்கலைஞர்

சிஷோம் வங்காளப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். சென்னை மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் மண்டபம் ஆகியவற்றுக்கான வடிவமைப்புப் போட்டியில் வென்று 1865 ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்தார். பின்னர் சென்னை அரசின் ஆலோசகக் கட்டிடக்கலைஞராகவும், கலைத்தொழிற் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். அவரது தொடக்க காலக் கட்டிடமான மாநிலக் கல்லூரி ஐரோப்பியச் சாயல் கொண்டது. சேப்பாக்கம் அரண்மனைக்கு அருகே வருவாய் வாரியத்துக்காகக் கட்டும்போது, நவாபின் பழைய கட்டிடங்களோடு புதியது பொருந்த வேண்டும் என்பதற்காக அவற்றின் வடிவங்களையே அவர் கையாண்டார். ஆளுநர் நேப்பியர் பிரபுவும் அரசுக் கட்டிடங்கள் இந்திய, குறிப்பாக இசுலாமியக் கட்டிட மரபைப் பின்பற்ற வேண்டும் என்று 1870 ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில் வலியுறுத்தினார். செனட் மண்டபம், திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியகம், பொது அஞ்சலகம் ஆகிய மூன்றும் இக்காலத்தில் உருவானவை.

கட்டிடக்கலை

கட்டிடம் கிழக்கு நோக்கி, கடலைப் பார்த்தவாறு அமைந்துள்ளது. செந்நிறச் செங்கல் முகப்பின் நீளம் ஏறத்தாழ 350 அடி. முகப்பில் சதுர வடிவிலான இரு கோபுரங்கள் ஏறத்தாழ 125 அடி உயரத்துக்கு எழுகின்றன. நீண்ட முகப்பு முழுவதும் வளைவுகள் அடுக்கடுக்காக வருகின்றன. இவை அழகுக்காக மட்டும் அமைக்கப்பட்டவை அல்ல. வளைவுகளுக்குப் பின்னால் உள்ள தாழ்வாரங்கள் காலை வெயிலையும் மழைச்சாரலையும் அறைகளுக்குள் செல்லாமல் தடுக்கின்றன. உள்ளே உயர்ந்த கூரையுடன் கூடிய பெரிய நடுக்கூடம் உள்ளது. மின்விசிறி இல்லாத காலத்தில், மக்கள் கூட்டமாக வந்து போகும் ஓர் அலுவலகத்தில் வெப்பக் காற்று மேலெழுவதற்கு இவ்வுயரம் தேவைப்பட்டது.

கோபுரங்களின் உச்சியில் முதலில் திருவாங்கூர்ப் பாணியிலான கூரைகள் இருந்தன. கேரளக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் காணப்படும் சரிந்த கூரை வடிவை, சிஷோம் திருவனந்தபுரத்து அருங்காட்சியகத்திலும் விரிவாகப் பயன்படுத்தியுள்ளார். அஞ்சலகக் கோபுரங்களின் கூரைகள் பிற்காலத்தில் அகற்றப்பட்டுவிட்டன. இதனால் இன்று காணப்படும் கோபுரங்கள் தட்டையாக முடிந்தது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. சிஷோம் எண்ணிய விளிம்புக்கோடு இதுவன்று என்பதைக் கட்டிடத்தை மதிப்பிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று மாகாணத் தலைநகரங்களின் அஞ்சலகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், குடியேற்றக் காலக் கட்டிடக்கலையில் நிகழ்ந்த மாற்றம் தெளிவாகும். கல்கத்தாவின் அஞ்சலகம் 1868 ஆம் ஆண்டில் வால்டர் கிரான்வில் என்பவரால் கட்டப்பட்டது. வெண்ணிறக் கொரிந்தியத் தூண்களும் பெரிய குவிமாடமும் கொண்ட அது முற்றிலும் ஐரோப்பியச் செந்நெறிப் பாணி. 1913 ஆம் ஆண்டில் நிறைவுற்ற பம்பாய் அஞ்சலகமோ பீஜப்பூரின் கோல் கும்பாசைப் பின்பற்றியது. இடையில் வந்த சென்னையே இந்திய வடிவங்களை முதலில் ஏற்றுக்கொண்ட அஞ்சலகம். எனினும் வெவ்வேறு நாடுகளின், வெவ்வேறு சமயங்களின் வடிவங்களை ஒரே முகப்பில் கலப்பது பொருந்துமா என்ற விவாதம் இப்பாணி குறித்து அன்றே எழுந்தது. அது இன்னும் முடிந்துவிடவில்லை.

தீ விபத்து

2000 ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீ விபத்தில் கட்டிடத்தின் உட்பகுதி பெரும் சேதத்துக்கு உள்ளானது. அக்காலச் சென்னைக் கட்டிடங்களில் தேக்கு மரம் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டது. "மெட்ராஸ் ஒட்டு" எனப்படும் கூரையில் தேக்குச் சட்டங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தளமிடுவர். வெயிலுக்கு ஏற்ற இம்முறையின் பலவீனம், சட்டம் எரிந்தால் கூரை முழுவதும் சரிந்துவிடுவதே ஆகும். காகிதம் குவிந்திருக்கும் அலுவலகங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பாகின்றது.

சென்னையில் இப்பாணிக் கட்டிடங்கள் பல தீக்கிரையாகியுள்ளன. அண்ணா சாலையில் இருந்த ஸ்பென்சர் கட்டிடம் 1983 ஆம் ஆண்டில் எரிந்தது. அவ்விடத்தில் புதிய வணிக வளாகம் எழுந்தது. சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட் 1985 ஆம் ஆண்டில் எரிந்தது. பழைய கட்டிடம் அகற்றப்பட்டு, அந்நிலம் தொடர்வண்டித் துறையின் வளாகமாயிற்று. அரக்கோணம் செல்லும் புறநகர் வண்டிகள் பலவும் இன்று அங்கிருந்தே புறப்படுகின்றன. சேப்பாக்கத்தின் கலச மகால் 2012 ஆம் ஆண்டு சனவரியில் எரிந்தபோது தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். முதல் இரண்டு கட்டிடங்களையும் இனி நிழற்படங்களில் மட்டுமே காண முடியும். கலச மகால் பின்னர் சீரமைக்கப்பட்டது. பொது அஞ்சலகமும் இடிக்கப்படாமல் பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் அஞ்சல் பணிக்கே விடப்பட்டது. இந்தப் பட்டியலை வைத்துப் பார்க்கையில் அது எளிதாக நடந்துவிடக்கூடிய ஒன்றன்று.

இன்றைய பயன்பாடு

இக்கட்டிடம் அஞ்சல், தந்தி ஆகிய இரு சேவைகளுக்குமாகத் திட்டமிடப்பட்டது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஆம் ஆண்டு சூலையில் நிறுத்தப்பட்டது. பதிவு அஞ்சல் 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது. பொது அஞ்சலகத்தின் இருநூறாம் ஆண்டையொட்டி 1986 ஆம் ஆண்டில் அஞ்சல் தலை ஒன்று வெளியிடப்பட்டது.

1972 ஆம் ஆண்டு ஆகத்து 15 ஆம் தேதி அஞ்சல் குறியீட்டு எண் முறை நடைமுறைக்கு வந்தபோது, இவ்வஞ்சலகத்துக்கு 600001 என்னும் எண் வழங்கப்பட்டது. சென்னையின் எண் வரிசை இதிலிருந்தே தொடங்குகின்றது. அரக்கோணத்தின் எண் 631001. இரண்டும் 6 என்னும் இலக்கத்தில் தொடங்குவது, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய அஞ்சல் மண்டலத்தைக் குறிக்கும்.

அஞ்சலகத்துக்கு நேர் எதிரே சென்னைக் கடற்கரைத் தொடர்வண்டி நிலையம் உள்ளது. வேலூர், அரக்கோணம் மார்க்கத்திலிருந்து கடற்கரை வரை வரும் வண்டிகளில் பயணம் செய்வோர் நிலையத்திலிருந்து நடந்தே இதனை அடையலாம். முகப்பை முழுமையாகக் காண்பதற்குச் சாலையின் மறுபக்கமே ஏற்ற இடமாகும். கிழக்கு நோக்கிய கட்டிடமாதலால் காலை நேரத்தில் ஒளி நன்றாக விழும்.