மூலையில் மூட்டு - பெரம்பூர் பெட்டியும் ஜன்னல் வரலாறும்

ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாத ஆள் நம்மூர்ல உண்டா? ஆனா அந்த ஜன்னலோட நாலு மூலையை உத்துப் பார்த்த ஆள் ரொம்பக் கம்மி. கண்ணாடி, கம்பி, காத்து, வெளியில ஓடுற வயக்காடு... இதையெல்லாம் விட்டுட்டு மூலையை யார் பார்ப்பா? நான் படிச்சது இன்ஜினியரிங், இப்ப பிழைப்புக்குப் பொட்டி தட்டுறேன். பழைய புத்தி போகலை, அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் மெக்கானிக்ஸ் வரும், பயந்து ஓடிடாதீங்க :-)

முதல்ல மரக்காலம். நம்ம நாட்டுல ரயில் வந்து ரொம்ப காலத்துக்குப் பெட்டின்னா மரப்பெட்டிதான். கீழே இரும்புல ஒரு அடிச்சட்டம், அதுக்கு மேல தச்சர்கள் கட்டின ஒரு மர வீடு. குதிரைவண்டி கட்டினவங்க கையிலிருந்துதான் ரயில் பெட்டித் தொழிலே வந்துச்சு. அதனாலதான் இன்னிக்கும் இங்கிலீஷ்ல அதைக் கோச்னும் கேரேஜ்னும் சொல்றாங்க. இந்த அமைப்புல எடையைத் தாங்குறது முழுக்க அடிச்சட்டம். மேல இருக்குற மரவீடு மழை, வெயிலுக்குத்தான். ஜன்னல் மூலையில துளை போட்டு, முளை ஏத்தி, ஆப்பு அடிச்சு மூட்டு போட்டாங்க. அது லேசா ஆடினாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. கிரீச் கிரீச்னு சத்தம் வரும், அவ்வளவுதான்.

தச்சர் ஏன் மூலையில மூட்டு போட்டார்? வேற வழி இல்லை. மரம் நேரா வளருது, நேராத்தான் அறுக்க முடியும். நாலு நேர்க்கட்டையை வெச்சுச் சதுரம் பண்ணணும்னா மூட்டு மூலையிலதான் விழும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க. மரம் போய் இரும்பு வந்தபிறகும் பழக்கம் போகலைங்கறதுதான் என் கட்சி.

இப்ப பெரம்பூர். சுதந்திரம் வந்த கையோட, 1949ல, இந்திய அரசு சுவிட்சர்லாந்துல ஜூரிச் பக்கத்துல ஷ்லீரன்ங்கற ஊர்ல இருந்த ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுச்சு. ரயில் பெட்டியும் செய்வாங்க, லிஃப்டும் செய்வாங்க. (கம்பெனி பேர்லயே ரெண்டும் இருக்கும்.) சுவிஸ் ரயில்வேக்கு 1937லயே எடை குறைந்த எஃகுப் பெட்டி பண்ணிக் காட்டினவங்க. அவங்க வடிவமைப்பை வெச்சுத்தான் நம்ம ஐசிஎஃப், அதாவது இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி, வந்தது. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்து வெச்சார். ஆரம்பத்துல வெறும் கூடு மட்டும்தான் இங்கே தயாராச்சு. சீட்டு, விளக்கு, உள்வேலை எல்லாம் ரயில்வேயோட மத்த பணிமனைகள்ல. உள்வேலைப் பிரிவு 1962 அக்டோபர் 2ஆம் தேதிதான் வந்துச்சு.

பேர்ல இருக்கே 'இன்டெக்ரல்'னு, அதுலதான் விஷயமே. அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை, முனைச்சுவர் எல்லாத்தையும் வெல்டு பண்ணி ஒரே குழாய் மாதிரி ஆக்கிட்டாங்க. இனிமே எடையை அடிச்சட்டம் மட்டும் தாங்காது, சுவரும் சேர்ந்து தாங்கும். அதனாலதான் பெட்டி எடை குறைஞ்சது. சுவர்த்தகடு எவ்வளவு கனம் தெரியுமா? 2 மி.மீ. நம்ம பீரோத் தகடைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்!

சரி, எடை தாங்குற சுவர்ல வரிசையா ஓட்டை போட்டா என்ன ஆகும்? அந்த ஓட்டைகளுக்குப் பேர்தான் ஜன்னல்.

ஒரு தீப்பெட்டி எடுங்க. குச்சி இருக்குற உள்பெட்டியை உருவிட்டு வெளிக்கூட்டை மட்டும் ரெண்டு விரலால அமுக்குங்க. டக்குனு சாய்ஞ்சு வைரம் மாதிரி ஆயிடும். உள்பெட்டியைத் திரும்பச் செருகிட்டு அமுக்குங்க, அசையாது. ரயில் ஜன்னலும் அந்த வெளிக்கூடு மாதிரிதான். பெட்டி ரெண்டு போகி மேல உட்கார்ந்திருக்கு, நடுவுல ஜனங்க எடை, தண்டவாளத்துல ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுவர் ஒரு பக்கம் நெறிபடுது. ஜன்னல் ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வைரமாகுது, திரும்பச் சதுரமாகுது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஏத்தி இறக்குற கண்ணாடி ஷட்டர் இதைத் தடுக்காது, ஏன்னா அது காடியில சும்மா லூஸா நிக்குது.

குறுக்குக் கம்பி இல்லாம வெறும் சதுரங்களை வெச்சே எடை தாங்க வைக்கலாம்னு பெல்ஜியம்காரர் வீரண்டீல் 1896லயே சொல்லிட்டார். அந்த மாதிரிப் பாலமெல்லாம் கட்டியிருக்காங்க. அவர் கணக்கு சொல்றது இதுதான்: சதுரம் சாயும்போது வளைக்குற விசை அதிகமா இருக்கற இடம் நாலு மூலை. ஒவ்வொரு பக்கத்தோட நடுப்புள்ளிகிட்ட அது கிட்டத்தட்ட பூஜ்யம். ஆக, சட்டத்துலயே பலவீனமான இடம் மூட்டு, அதைக் கொண்டுபோய் அதிக விசை விழற மூலையில வெச்சிருக்கோம். தச்சருக்கு வேற வழி இல்லை. உலோகத்துக்கு இருக்கே?

மூலையில இன்னொரு வில்லனும் உண்டு: கூர்மை. வட்டமான ஓட்டை போட்டாலே அதன் ஓரத்துல இழுவிசை மூணு மடங்கு ஆகுதுன்னு 1898ல கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டினார். 1913ல கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்கிலிஸ், நீள்வட்ட ஓட்டைக்குச் சூத்திரம் கொடுத்தார். ஓட்டையோட பாதி நீளத்தை முனையோட வளைவு ஆரத்தால வகுங்க, வர்க்கமூலம் எடுங்க, ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க. பாதி நீளம் 30 செ.மீ., முனை ஆரம் 3 மி.மீ.ன்னா 21 மடங்கு வருது. அதே ஆரத்தை 3 செ.மீ. ஆக்கினா 7 சொச்சம்தான். நீள்வட்டக் கணக்கை அப்படியே சதுர ஜன்னலுக்குப் போடக்கூடாதுதான். ஆனா போக்கு அதேதான். மூலையை உருட்டினா உயிர் பிழைக்கும்.

இது காகிதத்துல இருந்தது. ஜனங்களுக்கு உறைக்க ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டித் தள்ளுச்சு. ரிவெட்டுக்குப் பதிலா வெல்டிங், வேலை சீக்கிரம் முடியணும்ல. மேல்தளத்துல சரக்கு இறக்குற வாய் இருக்கும், அது கூர் மூலைச் சதுரம். பல கப்பல்ல விரிசல் அந்த மூலையில ஆரம்பிச்சது. குளிர்ல எஃகு நொறுங்கற தன்மைக்குப் போனதும் சேர்ந்துக்கிச்சு. ரிவெட்டு அடிச்ச கப்பல்ல ஒரு தகடு கிழிஞ்சா அடுத்த தகட்டோட ஓரத்துல விரிசல் நின்னுடும். வெல்டு பண்ணினதுல நிக்காது, ஒரே தகடு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம்தான் மூலையை உருட்டி, கனமான தகடு வெச்சுச் சரி பண்ணாங்க.

அடுத்தது காமெட். உலகத்தோட முதல் ஜெட் பயணிகள் விமானம். 1952 மே 2ஆம் தேதி முதல் சேவை. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1953 மே 2ல, கல்கத்தா டம்டம்ல கிளம்பின ஒரு காமெட் சில நிமிஷத்துல வானத்துலயே உடைஞ்சு விழுந்து 43 பேர் செத்துப்போனாங்க. நம்ம நாட்டு விசாரணை கடுமையான புயல்காத்தைக் காரணமாச் சொல்லிச்சு. அது ஜன்னல் கேஸ் இல்லை. ஆனா 1954 ஜனவரி 10ல எல்பா தீவுகிட்ட ஒண்ணு விழுந்து 35 பேர், ஏப்ரல் 8ல நேப்பிள்ஸ் பக்கம் இன்னொண்ணு விழுந்து 21 பேர். எல்பாவில விழுந்த 'யோக் பீட்டர்', 1952ல அந்த முதல் சேவைக்குப் போன அதே விமானம்.

ஃபார்ன்பரோல ஒரு முழு காமெட் உடலைத் தண்ணித்தொட்டியில போட்டு, உள்ளே அழுத்தம் ஏத்தி இறக்கி, பறக்கற மாதிரியே நடிக்க வெச்சாங்க. ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057வது சுற்றுல கிழிஞ்சது. எங்கே? ஜன்னல் வெட்டின மூலையில. கடலடியிலிருந்து எடுத்த யோக் பீட்டர் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தா, கூரையில ரேடியோ ஆண்டெனாவுக்காக வெட்டின ஜன்னலோட மூலை, ஒரு ரிவெட் ஓட்டைகிட்ட. 'சதுர ஜன்னலால விழுந்தது'ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது முழு உண்மை இல்லை. காமெட் ஜன்னல் மூலைகள் கொஞ்சம் உருட்டினதுதான். உருட்டினது பத்தலை, அதுக்கும் மேல அதே மூலையில சட்டத்தைச் சேர்க்க வரிசையா ரிவெட் ஓட்டை. இழுவிசை அதிகமான இடத்துல ஓட்டைக்குள்ள ஓட்டை!

விசாரணை அறிக்கை 1955 ஆரம்பத்துல வந்தது. அதே வருஷம் அக்டோபர்ல பெரம்பூர் திறப்பு விழா. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, ஆனா அந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்காம என்னால இருக்க முடியலை.

இதுவரைக்கும் சொன்னது சுவர்ல வெட்டின ஓட்டை. அதுக்குள்ள உட்கார்ற அலுமினியச் சட்டம் தனிக் கதை. வீட்டு ஜன்னல் மாதிரியே நாலு துண்டை 45 டிகிரி அறுத்து மூலையில சேர்க்கறது ஒரு வழி. எப்படிச் சேர்க்கறது? வெல்டு பண்ணலாம். ஆனா சூட்டுல பதப்படுத்தி வலு ஏத்தின அலுமினியத்தை வெல்டு பண்ணினா, அந்த இடத்துல வலு பாதிக்குப் பக்கமாக் குறைஞ்சிடும். எஃகுல பழகின கைக்கு இது புரியவே புரியாது, வெல்டு பளபளன்னு இருக்கும், பக்கத்துல உடையும். இன்னொரு வழி உள்ளே ஒரு எல் துண்டு செருகி ஸ்க்ரூ போடறது. வீட்டுக்குச் சரி, ஓடற வண்டியில ஸ்க்ரூ தளர்ந்துடும். எங்க ஏனாத்தூர்லேர்ந்து காஞ்சிபுரம் போற பஸ்ல பழைய வண்டி எதுலயாவது ஏறினா பாருங்க: கண்ணாடிச் சட்டத்தோட 45 டிகிரிக் கோடு லேசா வாயைப் பிளந்திருக்கும், அதுல யாரோ பிசின் அப்பியிருப்பாங்க. மழை நாள்ல அதுவழியாச் சரியா நம்ம முட்டிக்கு மேல சொட்டும்.

மூணாவது வழிதான் எனக்குப் பிடிச்சது. ஒரே நீளத் துண்டை நாலு இடத்துல வளைச்சு, மூலையெல்லாம் வளைவா, ரெண்டு முனையும் ஒரு பக்கத்தோட நடுவுல வந்து சந்திக்கற மாதிரி பண்றது. உள்ளே ஒரு இணைப்புத் துண்டு. மொத்தச் சட்டத்துக்கும் ஒரே மூட்டு, அதுவும் வீரண்டீல் கணக்குப்படி விசை பூஜ்யமா இருக்கற இடத்துல! இன்னிக்கு வர்ற நல்ல பஸ் ஜன்னல்கள் பல இப்படித்தான். இதுக்குச் செலவும் உண்டு. வளைக்க மெஷின் வேணும், வளைவுக்கு உள்பக்கம் தகடு சுருங்காம பார்த்துக்கணும், கண்ணாடி மூலையையும் அதே ஆரத்துக்கு உருட்டணும். மூலை மூட்டு இத்தனை வருஷம் பிழைச்சதுக்கு அறியாமை காரணம் இல்லைங்க, ஒரு ரம்பமும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதுங்கறதுதான் காரணம்.

கார்லயும் இதே கதைதான். கதவுக்கு மேல கண்ணாடியைச் சுத்தி வர்ற சட்டத்தைத் தனித்தனியா உருட்டி மூலையில வெல்டு பண்றது ஒரு முறை. முழுக் கதவையும் ஜன்னல் ஓட்டையோட ஒரே தகட்டுல அச்சடிக்கறது இன்னொண்ணு. இப்போ கார்களோட பக்கச்சுவரே, முன் தூண்லேர்ந்து பின்பக்கம் வரைக்கும், கதவு ஓட்டைகளோட ஒரே தகட்டுல அடிக்கறாங்க.

திரும்பப் பெரம்பூருக்கு. ஷ்லீரன் பெட்டியை வாட்டினது விரிசலைவிடத் துருதான். ஜன்னல் சட்டத்துக்கும் சுவர்த்தகட்டுக்கும் நடுவுல இறங்கற மழைத்தண்ணி சுவருக்கு உள்ளாற வழிஞ்சு, கீழ் மடிப்பிலயும் அடிச்சட்டத்து ஓரத்துலயும் தேங்கும். கழிவறைத் தண்ணியும் சேர்ந்துக்கும். அலுமினியமும் எஃகும் ஈரத்துல ஒட்டி இருந்தா மின்கலம் மாதிரி வேலை செஞ்சு அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிரும். துருத் தாங்கற எஃகுக்கு மாறினாங்க, அப்பவும் முழுசாத் தீரலை. ஜன்னல் மூலை வலுவா இருந்தா மட்டும் போதாது, தண்ணி போக வழியும் விட்டிருக்கணும். வலுவைக் கணக்குப் போடறவங்க தண்ணியை மறந்துடறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

50 ஆயிரத்துக்கும் மேல பெட்டி கட்டின பிறகு, 2018 ஜனவரியில அந்தப் பழைய வடிவமைப்புக்கு ஐசிஎஃப் விடை கொடுத்தது. அதுக்கப்புறம் ஜெர்மனியோட லிங்கே ஹாஃப்மன் புஷ் வடிவமைப்புல துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள். ஷ்லீரன் தொழிற்சாலை அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1985ல, மூடிட்டாங்க. தாய் வீடு போனபிறகும் பொண்ணு 33 வருஷம் குடும்பம் நடத்தியிருக்கா!

2019 பிப்ரவரி 15ல ஓட ஆரம்பிச்ச வந்தே பாரத் ஐசிஎஃப்ல பொறந்ததுதான். அதுல வெளியிலிருந்து பார்த்தா ஜன்னல் தொடர்ச்சியா ஒரே கண்ணாடிப் பட்டை. இப்படித் திறக்காத கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டும்போது ஒரு சந்தோஷம் என்னன்னா, தீப்பெட்டிக்குள்ள உள்பெட்டியைத் திரும்பச் செருகின மாதிரி. கண்ணாடியும் கொஞ்சம் விறைப்புக் கொடுக்கும். ஸ்க்ரூ இல்லை, ரிவெட் ஓட்டை இல்லை. காத்தும் இல்லைங்கறது வேற விஷயம்.

பழைய நீலப் பெட்டிகளோட வைத்தியம் பணிமனையில எப்படி நடக்கும்னு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஜன்னலுக்குக் கீழ துருப்பிடிச்ச தகட்டை வெட்டி எடுத்துட்டு, புதுத் துண்டு வெச்சு வெல்டு பண்ணுவாங்க, புடவைக்கு ஒட்டுப் போடற மாதிரி. ஒட்டுத் தகட்டோட மூலையையும் உருட்டித்தான் வெட்டணும். சதுரமா வெட்டினா, நாலு கூர் மூலை இருக்கற சுவருக்கு இன்னொரு நாலு கூர் மூலை கூடிடும்.