மதிலும் வரியும்

பெர்லினை 1961இல் பிளந்த சுவரை உலகறியும். சென்னைக்கும் அத்தகைய மதிலொன்று இருந்தது. அதன் கதையில் வத்தல்மலை அமைந்த பாராமகாலுக்கும் பங்குண்டு.

ஆங்கிலரும் பிரெஞ்சியரும் உலகெங்கும் பொருத காலம் அது. 1746இல் பிரெஞ்சியர் சென்னையைக் கைப்பற்றினர். 1748ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டைக்கு ஈடாக 1749இல் திருப்பியளித்தனர். நகரத்தாரை எவரும் கேட்டாரில்லை!

கோட்டைக்குள் வெள்ளையர், வடபுறத்துக் 'கறுப்பர் நகரில்' தமிழரும் தெலுங்கரும். அந்நகரின் ஒரு பகுதியைப் பிரெஞ்சியர் இடித்தனர். எஞ்சியதை ஆங்கிலரே தகர்த்தனர்; பீரங்கி சுடத் திறந்தவெளி வேண்டுமாம். இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அம்மக்களின் மனைகள் இருந்த மண்ணில்தான். குடிகள் வடக்கே பெயர்ந்து புதிய கறுப்பர் நகரை அமைத்தனர். 1758இல் லாலியின் முற்றுகைப்படை அங்கும் புகுந்தது.

பின்னர் வந்தது மைசூர்ப் போர். பாராமகாலுக்காகக் கம்பெனியோடு பொருத ஐதர் அலி, 1769இல் சென்னையின் வாயிலுக்கே வந்து உடன்படிக்கை பெற்றார். அதன்பின்னரே பால் பென்ஃபீல்டு என்பவர் புதிய கறுப்பர் நகருக்கு மதில் எழுப்பினார். வீடிழந்த குடிகளிடமே அதற்கு வரி கேட்டது கம்பெனி. வரி வசூலாகவில்லை. மதிலின் சிறு துண்டொன்று பழைய சிறைச்சாலைச் சாலையில் எஞ்சியுள்ளது. வாராத வரியோ, சென்ட்ரல் நிலையத்தருகே வால்டாக்ஸ் சாலையாக வழங்குகிறது.