அலமாரியில் பழைய கேம்கோர்டர் நாடா இருக்கிறதா? கணினிக்கு மாற்றுவது எப்படி?

வீட்டு அலமாரியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் சின்ன நாடாக்கள் சில கிடைக்கலாம். "தைப்பூசம் 2001", "பாட்டி 70" என்று அப்பாவின் கையெழுத்து இருக்கும். பாட்டியின் குரல் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறதோ என்னவோ.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய தலைவலி கேமராதான். நாடாவில் பதிவுசெய்யும் கேம்கோர்டர்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. இருப்பது பழுதானால் நாடாவை எதில் ஓட்டுவது?

என்ன நாடா அது?

மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். 1985இல் வந்த வீடியோ 8, 1989இல் வந்த ஹை8 இரண்டும் அனலாக். 1995இல் வந்த மினி டீவி (தொலைக்காட்சி இல்லைங்க, 'டிஜிட்டல் வீடியோ'வின் சுருக்கம்) டிஜிட்டல். 1999இல் வந்த டிஜிட்டல் 8 கொஞ்சம் குழப்பும். அதே ஹை8 நாடாதான், ஆனால் பதிவு டிஜிட்டல். அதனால் எந்தக் கேமராவில் எடுத்தது என்று அப்பாவிடம் கேளுங்கள்.

எந்தக் கம்பி?

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். மினி டீவி கேமராவில் யூஎஸ்பி துளை இருந்தால் உடனே அதில் செருகிவிடுவோம். பெரும்பாலான கேமராக்களில் அது புகைப்படங்களை மாற்றத்தான். வீடியோ வந்தாலும் தரம் குறைந்துதான் வரும். உங்களுக்குத் தேவை ஃபயர்வயர். சோனி கேமராவில் 'ஐ.லிங்க்' என்று போட்டிருக்கும். அதன் வழியாகப் போனால் நாடாவில் உள்ளது தரம் குறையாமல் அப்படியே கணினிக்கு வரும்.

இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் கிடையாது. மேசைக்கணினியில் அதற்கான அட்டையைப் பொருத்தலாம். இல்லையென்றால் மாமா வீட்டில் தூங்கும் பழைய மேக் போதும். ஒரு முனையில் ஃபயர்வயர், மறுமுனையில் யூஎஸ்பி என்று மலிவாக விற்கும் கம்பியை வாங்காதீர்கள். இந்த வேலைக்கு அது உதவாது.

அனலாக் நாடா என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளும் யூஎஸ்பியில் செருகும் வீடியோ பதிவுக் கருவியும் வேண்டும். மென்பொருளில் 'பால்' முறையைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் அதுதான் வழக்கம். சில டிஜிட்டல் 8 கேமராக்கள் ஹை8 நாடாவையும் ஓட்டும். அது கிடைத்தால் ஃபயர்வயரே போதும்.

ஓட்டும் முன்...

நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிகிறதா? கேமராவில் போடவே போடாதீர்கள். பூஞ்சை கேமராவுக்குள்ளும் பரவி அடுத்த நாடாவையும் கெடுக்கும். அதைத் தொழில்முறையில் சுத்தம் செய்பவர்களிடம் கொடுங்கள். நல்ல நாடா என்றால், தவறி மேலே பதிவாகாமல் இருக்க அதிலுள்ள சிறு விசையைத் தள்ளிப் பூட்டுங்கள். பேட்டரியை நம்பாமல் மின்சாரத்தில் செருகுங்கள். 1 மணி நேர நாடா மாற 1 மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. மினி டீவிக்குச் சுமார் 13 கிகாபைட் இடம் வேண்டும். விண்டோஸில் 'வின்டீவி' என்ற சிறிய இலவச மென்பொருளே போதும்.

வெட்டி ஒட்டும்போது...

முதலில் மூலக் கோப்பை வேறொரு வட்டில் நகலெடுங்கள். வெட்டுவதெல்லாம் நகலில்தான்.

யாராவது ஓடும்போது படத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். நாடா கெட்டுப்போகவில்லை. அந்தக் காலத்துப் பதிவுமுறை அப்படி. இலவசமாகக் கிடைக்கும் 'ஹேண்ட்பிரேக்' மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்' தெரிவை இயக்கினால் சரியாகும். பழைய படம் பெரும்பாலும் 4:3 அளவில் இருக்கும். அகலத் திரைக்காக இழுக்காதீர்கள், எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்!

வாட்ஸ்அப் குழுவுக்கு 3 நிமிடம் போதும். ஆனால் ஒலியை அணைத்துவிட்டுச் சினிமாப் பாட்டு போட வேண்டாமே. பின்னால் கேட்கும் அடுப்படிச் சத்தமும், "கேமராவ அந்தப் பக்கம் திருப்புப்பா" என்ற அதட்டலும்தான் அதில் உயிர்.

முடித்ததும் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். யார் யார் என்று கேட்டு, பெயர், ஆண்டு, இடத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.