இன்னும் ஒன்று என்று ஒரு பெயர்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் நின்றால் பள்ளிவாசலும் தெரியும், சிந்து யாத்திரை மாதா கோயிலும் தெரியும். பள்ளிவாசல் பக்கத்து வீடுகளில் யூசுப் உண்டு. கோயில் பக்கத்தில் சூசை உண்டு, ஜோசப்பும் உண்டு. கரையேறும் வள்ளத்தைப் பார்த்து யாராவது இவற்றில் ஒன்றைக் கூவினால் என் காதில் விழுவது ஒரே பெயர்தான். எபிரேயத்தில் அது யோசேஃப்.

பெயருக்குப் பொருளை ஆதியாகமமே சொல்லிவிடுகிறது. நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த ராகேல், மகனைப் பெற்றதும் இரண்டு பேச்சுப் பேசுகிறாள். கடவுள் தன் நிந்தையை நீக்கினார் என்பது ஒன்று; அங்கே வரும் வினை ‘அசஃப்’. இன்னொரு மகனையும் அவர் கூட்டித் தரட்டும் என்பது அடுத்தது. அங்கே வருவது ‘யோசேஃப்’. கழித்தலின் ஓசையும் கூட்டலின் ஓசையும் பெயருக்குள் கேட்கின்றன. நிலைத்தது கூட்டல். மடியில் ஒரு பிள்ளை கிடக்கும்போதே மறுபிள்ளைக்கான வேண்டுதலை அதற்குப் பெயராக வைத்துவிட்டாள். அந்த மறுபிள்ளை பென்யமீன் பிறந்த வேளையில்தான் அவள் உயிர் போயிற்று.

ஹனுக்கா விளக்கை ஏற்றுவதும் இதே வினைதான். கி.மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீட்டுப் புனிதப்படுத்தியதன் நினைவாக யூதர்கள் எட்டு இரவு விளக்கேற்றுகிறார்கள். எப்படி ஏற்றுவது என்பதில் யூதச் சட்ட விவாதநூலான தால்முதில் ஒரு வழக்கு நடக்கிறது. முதல் இரவு எட்டு ஏற்றி, நாளுக்கு ஒன்று குறைக்கச் சொன்னார்கள் ஷம்மாய் வழியினர். ஒன்றில் தொடங்கி நாளுக்கு ஒன்று கூட்டச் சொன்னார்கள் ஹில்லேல் வழியினர். புனிதத்தில் ஏறலாம், இறங்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். இன்று வீடுகளில் நடப்பது ஹில்லேல் சொன்னபடிதான். கூட்டிக்கொண்டே போவதற்கு அங்கே வரும் சொல் ‘மோசிஃப்’. யோசேஃபுக்கும் அதற்கும் வேர் ஒன்று.

இதே பேச்சின் தொடர்ச்சியில் என்னை உட்காரவைத்த இடம் ஒன்று உண்டு. இருபது முழத்துக்கு மேலே வைத்த ஹனுக்கா விளக்கு செல்லாது என்று தன்ஹூம் என்ற ஆசிரியரின் பெயரால் ஒரு விதி வருகிறது. உடனே அவர் பெயராலேயே யோசேப்பை அண்ணன்மார் தள்ளிய குழி வந்துவிடுகிறது. குழி வெறுமையாயிருந்தது, அதில் தண்ணீர் இல்லை என்கிறது வேதம். வெறுமை என்ற பிறகு தண்ணீரில்லை என்பது எதற்கு? தண்ணீர்தான் இல்லை, பாம்பும் தேளும் இருந்தன என்கிறார் அவர். அண்ணாந்து பார்த்தாலும் கண்ணுக்கு எட்டாத விளக்கையும், எட்டிப் பார்க்க யாருமில்லாத குழியையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஹனுக்கா வாரத்து ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் வாசிப்பதும் பெரும்பாலும் யோசேப்பின் கதைதான்.

நம் கரையில் இந்தப் பெயர் செப்பேட்டில் ஏறியது கி.பி. 1000 அளவில். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழு உரிமையையும் 72 உரிமைகளையும் கொடுத்தான். வட்டெழுத்தில் அவர் ‘இஸ்ஸுப்பு இரப்பான்’. அந்த ஓசை மாற்றத்தில் நம் நாவின் கணக்கு தெரிகிறது. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே சொல்லின் முதலில் வரும் என்பது தொல்காப்பியம். ‘யோ’ தொடக்கத்தில் நிற்காது. இறுதியில் வல்லெழுத்து நிற்காமல் உகரம் சேர்ந்தது. ரகரத்துக்கு முன்னால் ஓர் இகரம். கொடுத்த உரிமைகளில் குடை, தோரணத்தோடு ‘பகல் விளக்கு’ம் இருக்கிறது. பகலில் விளக்கெடுத்துச் செல்வது அந்நாளில் அவ்வளவு பெரிய மரியாதை. சாட்சிகளில் ஒருவர் வேணாட்டுக் கோவர்த்தன மார்த்தாண்டன். பின்னாளில் விழிஞ்ஞம் இருந்தது அந்த வேணாட்டில்தான். செப்பேடு இருப்பது மட்டாஞ்சேரி பரதேசி யூதப்பள்ளியில்.

சிரியக் கிறிஸ்தவர் வீட்டில் அது ஔசேப்பு. கடற்கரைக்கு வந்த வழி வேறு. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவ மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். போர்த்துக்கீசியர் வாயில் இருந்த ‘ஜுசே’ இங்கே சூசையாகிப் பிறகு சூசையப்பரும் ஆனது. இந்தச் சூசை மரியாளின் கணவர். குழியில் விழுந்த பழைய யோசேப்பின் பெயரைத் தாங்கியவர்.

ஓசையை விட்டுப் பொருளைப் பிடித்தவர் வீரமாமுனிவர். கொன்ஸ்தான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். யோசேப்பு அதற்குள்ளேயே இருக்கிறார். 1726இல் முடிந்த தேம்பாவணியின் 3615 பாடல்களுக்கும் தலைவன் சூசை, அங்கே அவர் பெயர் ‘வளன்’. ராகேல் கேட்ட பெருக்கம் அப்படியே தமிழாகிவிட்டது. 1844இல் தொடங்கி இன்று திருச்சியில் இருக்கும் கல்லூரி தூய வளனார் கல்லூரி என்றே வழங்குகிறது.

விழிஞ்ஞத்தையும் உள்ளடக்கிய திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயராக இருந்தவர் குமரி மாவட்டம் மார்த்தாண்டன்துறையில் பிறந்த சூசைபாக்கியம். மலையாளப் பத்திரிகைகளில் அவர் சூசபாக்கியம். ஐகாரம் போய்விட்டது, பாக்கியம் மட்டும் கூடவே இருக்கிறது.