கருவிக்கு மானியம், கம்பிக்குக் காத்திருப்பு: கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து மின்னேற்றுக் கொள்கை

கேளம்பாக்கம் என்றதும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை நினைப்பவர்களே இன்று அதிகம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட அந்த முனையத்திலிருந்து வண்டலூர் சாலை வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கிழக்கே வந்தால்தான் இந்தக் கேளம்பாக்கம். ஒருபுறம் உப்பளங்களும் முட்டுக்காட்டுக் கழிமுகமும். மறுபுறம் படூர், ஏகாட்டூர், தையூர் என வரிசையாக எழும்பிவிட்ட அடுக்குமாடிகள். சற்று வடக்கே சிறுசேரி சிப்காட். பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர் சாலையும் கோவளம் சாலையும் கூடும் இவ்வூரை, மின்வாகன மின்னேற்று நிலையங்களுக்கான அரசு மானியத்தைத் தேய்த்துப் பார்க்கும் உரைகல்லாக இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கொள்கை ஆவணங்கள் நகரம் என்றும் நெடுஞ்சாலை என்றும் பிரித்துப் பேசுகின்றன. கேளம்பாக்கம் இரண்டிலும் ஒவ்வொரு கால் வைத்து நிற்கிறது.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட முதல் நெறிமுறை, நகரங்களில் 3 கி.மீ. பக்கமுள்ள சதுரத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒன்று என்றது. 2024 செப்டம்பரில் வந்த புதிய நெறிமுறை அதை நெருக்கி, 2030க்குள் நகர்ப்புறத்தில் 1 கி.மீ. சதுரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 20 கி.மீ.க்கு ஒன்று என்கிறது. மின்னிணைப்பு தருவதற்கான கெடுவும் இடத்தைப் பொறுத்தே: பெருநகரில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகத்தில் 15 நாள். கேளம்பாக்கம் எதில் சேரும்? 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 5,904 சதுர கி.மீ.ஆக விரிந்தபோது இவ்வூர் வரைபடத்தில் பெருநகருக்குள் வந்துவிட்டது. ஆனால் அது வளர்ந்ததெல்லாம் திருப்போரூர் ஒன்றியத்தின் ஓர் ஊராட்சியாகத்தான். நெடுஞ்சாலை விதிப்படி மத்திய கைலாசத்திலிருந்து பூஞ்சேரி வரை ஒரு பக்கத்துக்கு மூன்று நிலையம் போதும். நகர விதிப்படி படூருக்கும் தையூருக்கும் இடையில் மட்டுமே அதைவிட அதிகம் வேண்டும். எந்த விதியை எடுப்பது என்பது, எந்த அலுவலகத்தில் கோப்பு திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இனிப் பணம். மத்திய அரசின் மின்வாகன ஊக்கத் திட்டமான ஃபேமின், 2019 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கீடு 10,000 கோடி ரூபாய். அதில் 8,596 கோடி வாகனம் வாங்குவோருக்கான விலைக்குறைப்பு; மின்னேற்று நிலையங்களுக்கு 1,000 கோடி. 2024 அக்டோபரில் அதன் இடத்துக்கு வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் மொத்தம் 10,900 கோடி. நிலையங்களுக்கு 2,000 கோடி. பத்து விழுக்காடு பதினெட்டாகியிருக்கிறது. திசை சரி. அமெரிக்காவின் 353 பெருநகர்ப் பகுதிகளில் 2011 முதல் 2013 வரையிலான விற்பனையை ஆராய்ந்த ஷாஞ்சுன் லீ உள்ளிட்ட நால்வர், வரிச்சலுகையாகக் கார் வாங்குவோருக்குப் போன தொகையை நிலையங்களுக்குக் கொடுத்திருந்தால் விற்பனை உயர்வு இரண்டு மடங்காகியிருக்கும் என்று 2017இல் எழுதினார்கள். இந்தியக் கொள்கை வட்டாரத்திலும் இந்த வாதம் நடமாடுகிறது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது கார்களை. நாம் நிற்கும் சந்திப்பில் ஓடுவதில் பெரும்பங்கு கார் அல்ல. இந்த வேறுபாட்டுக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

2023 மார்ச்சில் கனரகத் தொழில் அமைச்சகம் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 விரைவு மின்னேற்று நிலையங்கள் அமைக்க 800 கோடி ஒதுக்கியது. 560 கோடி முதல் தவணையாக உடனே விடுவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் நிலையத்துக்கு 10.75 லட்சம் ரூபாய் போல வரும். எண்ணெய் நிறுவனங்களைத் தேர்ந்ததில் ஒரு நியாயம் உண்டு: இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், இரவு விளக்கு எரிகிறது. ஆனால் பெட்ரோல் பங்க் பெட்ரோலுக்காக இடம் பார்த்து வைக்கப்பட்டது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு போகும் வண்டிக்கு ஏற்ற இடமும் முக்கால் மணி நேரம் நிற்கும் வண்டிக்கு ஏற்ற இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

இடத்தைவிடப் பெரிய சிக்கல் கருவிக்குப் பின்னால் இருக்கிறது. 60 கிலோவாட் கருவி இரண்டை ஒருவர் கேளம்பாக்கத்தில் வைக்க நினைக்கிறார் என்று கொள்வோம். பளு 120 கிலோவாட். தமிழ்நாட்டில் தாழ்வழுத்த இணைப்புக்கு நெடுங்காலம் 112 கிலோவாட்தான் எல்லையாக இருந்தது. அதைத் தாண்டினால் உயரழுத்த இணைப்பு, சொந்த மின்மாற்றி, மின் ஆய்வாளரின் சான்று. எல்லைக்குள்ளேயே நின்றாலும், தெருமுனை மின்மாற்றியில் அவ்வளவு இடம் மிச்சமிருக்க வேண்டும். கோடையில் இரவு ஒன்பது மணிக்கு அடுக்குமாடிகளின் குளிர்சாதனங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது அந்த மிச்சம் எவ்வளவு என்பது பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளருக்குத் தெரியும். தில்லியில் ஒதுக்கீடு செய்தவருக்குத் தெரியாது. மேலே சொன்ன 3, 7, 15 நாள் கெடுவெல்லாம் கம்பி நீட்டவோ மின்மாற்றி கூட்டவோ தேவையில்லாத இடத்துக்குத்தான். தேவைப்படும் இடத்தில் மதிப்பீடு, வைப்புத்தொகை, சாலையைத் தோண்ட அனுமதி என்று கோப்பு நடக்கும். அதுவரை கருவி உறை பிரிக்காமல் நிற்கும். ஃபேம் திட்டத்தில் ‘நிறுவப்பட்டது’ என்று ஒரு பத்தியும் ‘மின்னிணைப்பு பெற்றது’ என்று இன்னொரு பத்தியும் தனித்தனியாக எழுத வேண்டி வந்தது இதனால்தான்.

பிஎம் இ-டிரைவ் நெறிமுறைகள் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கின்றன. மின்மாற்றி, கம்பி உள்ளிட்ட பின்புலக் கட்டமைப்புக்கு 80 விழுக்காடு வரை மானியம் உண்டு. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் அரசு வளாகமானால் கருவிக்கும் சேர்த்து முழுத் தொகை. இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் மானியம் விடுவிக்கப்படும் இரண்டு தவணைகளும் நிலையம் ஓடத் தொடங்குவதோடு முடிந்துவிடுகின்றன. திறப்பு நாளுக்கு அடுத்த நாள் கருவி பழுதானால் அரசுக்கு நட்டம், நிறுவியவருக்கு இல்லை.

இந்தக் கரையில் பழுது தற்செயலும் அன்று. உப்பு காயவைக்கும் ஊர் இது. அதே காற்றுத்தான் கருவியின் இணைப்பு முனைகளிலும் படிகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் இந்தச் சாலையோரப் பகுதிகளில் தண்ணீரைத் தேக்கியது. ஜெய்ப்பூரில் வைக்கும் பீடத்தின் உயரமே இங்கும் என்றால், முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே கணக்கு தீர்ந்துவிடும்.

இப்போது, யார் மின்னேற்றுகிறார்கள் என்ற கேள்வி. சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கார், புறப்பட்டு நாற்பது கிலோமீட்டருக்குள் கேளம்பாக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமில்லை. அடுக்குமாடிக்காரர், சங்கம் ஒத்துக்கொண்டால், தன் வண்டி நிறுத்துமிடத்திலேயே ஏற்றிக்கொள்வார். சங்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது வேறு சண்டை, நீளமானது. மிஞ்சுவது உணவு கொண்டுபோகும் இளைஞர், சரக்கு ஆட்டோக்காரர், சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் வாடகை வண்டி ஓட்டுநர். இவர்களில் பலர் வாடகை அறையில், இரண்டாம் மாடியில் இருப்பவர்கள். சன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தெருவுக்கு இறக்கி, ஸ்கூட்டரின் இருக்கைக்கடியில் சார்ஜரைச் செருகி, மழைத்துளி விழுந்தால் ஓடிவந்து பிடுங்குவதுதான் இவர்களுடைய மின்னேற்று நிலையம். வீட்டுக்காரருக்கு மின்கட்டணத்தின் மேல் தனியாகவும் ஒரு தொகை.

இவர்களுக்கு 60 கிலோவாட் வேண்டாம். அந்த ஒரு கருவியின் பளுவைக் கொண்டு 3.3 கிலோவாட் முனைகள் பதினெட்டு வைக்கலாம். பிஎம் இ-டிரைவ் இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 கருவிகளையும் கார்களுக்கு 22,100ஐயும் பேருந்துகளுக்கு 1,800ஐயும் இலக்காக வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் முன்னுரிமை சரிதான். ஆனால் ஸ்கூட்டருக்கு ஸ்கூட்டர் செருகுமுனை மாறுகிறது. உள்நாட்டிலேயே உருவான பொது முனைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல்தான் ஒப்புதல் தந்தது. மானியம் பெறும் ஒவ்வொரு மெதுவேகக் கருவியிலும் சாதாரண 16 ஆம்பியர் துளை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சொல்வது பிற்போக்காகத் தோன்றலாம். கேளம்பாக்கத்தில் அதுதான் அதிகம் பயன்படும் முனையாக இருக்கும் என்பது என் கணிப்பு.

பேருந்து வேறு வழியில் போயிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. அங்கே ஒப்பந்ததாரருக்குப் பணம் ஓடிய கிலோமீட்டருக்குத்தான். மின்னேற்றும் கருவி நின்றால் பேருந்து நிற்கும். பேருந்து நின்றால் பணம் நிற்கும். எனவே கருவி நிற்பதில்லை. பொது மின்னேற்று நிலையத்துக்கும் இதே தர்க்கத்தைக் கொண்டுவருவதற்குத் தடை என்ன? தவணையில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, மூன்று ஆண்டுகளுக்கு, வழங்கிய யூனிட்டுக்கும் இயங்கிய நேரத்துக்கும் ஏற்ப விடுவிக்கலாம். அமெரிக்க மத்திய அரசின் நிதியில் அமையும் நிலையங்களுக்கு 97 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பிரிட்டனில் விரைவு நிலையங்களுக்கு 2024 நவம்பர் முதல் 99.

மறுப்பு ஒன்று உண்டு, வலுவானது. அமெரிக்கத் திட்டத்துக்கு 2021இல் சட்டம் வந்து, முதல் நிலையம் 2023 டிசம்பரில்தான் ஓஹையோவில் திறந்தது. நிபந்தனைகள் கூடினால் வேலை நடக்காது என்பார்கள். அங்கே தாமதப்படுத்தியவற்றில் பல கருவி வைப்பதற்கு முன்பான நடைமுறைகள். நான் சொல்வது வைத்த பிறகான கணக்கு. கருவிகள் தங்கள் இயக்க நேரத்தைத் தாங்களே பதிவுசெய்து அனுப்புகின்றன. புதிதாக ஆய்வாளர் யாரும் வர வேண்டாம்.

இன்னொன்று, ஓடாத நிலையம் யூனிட்டு விற்காமல் தானே தண்டனை அடைகிறதே என்பது. ஒரு 60 கிலோவாட் கருவி நாளெல்லாம் ஓடினால் 1,440 யூனிட் தரலாம். அதில் ஐந்து விழுக்காடு மட்டும் பயன்பட்டால் 72 யூனிட், இரண்டு கார்கள். அந்த வருவாயை இழப்பது யாரையும் பழுதுபார்க்க ஓடவைக்காது. போதாததற்கு, வாகனத்துக்கும் கருவிக்கும் 5 விழுக்காடு சரக்கு சேவை வரி வாங்கும் அரசு, மின்னேற்றும் சேவைக்கு 18 விழுக்காடு வாங்குகிறது. ஒரு கையால் கருவிக்குக் கொடுத்து, மறு கையால் பயன்பாட்டிலிருந்து எடுப்பது.

தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய ஆறு நகரங்களை முன்னோடியாகக் குறித்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நாட்டுக்கே ஸ்கூட்டர் செய்து அனுப்பும் மாநிலத்தில், 2024 பிப்ரவரிக் கணக்குப்படி நாட்டின் 12,146 பொது நிலையங்களில் 643தான் இருந்தன. அடுத்து வருபவை எங்கே அமைய வேண்டும் என்பதை நகர எல்லை பார்த்து முடிவு செய்யக் கூடாது. எந்த மின்மாற்றியில் எவ்வளவு இடமிருக்கிறது என்ற பட்டியலை மின்பகிர்மானக் கழகம் பொதுவில் வைத்தால், ஊராட்சியும் தனியாரும் அதன்படி இடம் பார்த்துக்கொள்வார்கள். பிஎம் இ-டிரைவ் 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் தவணையின் நிபந்தனையை மாற்றுவதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஓர் அலுவலக ஆணை போதும்.