கல்கத்தா கல்லறையும் பல்லாவரத்துக் கருங்கல்லும்

சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள கருங்கல் குன்றுகள் நன்றாகத் தெரிந்திருக்கும். பார்ப்பதற்குச் சாதாரணக் கருங்கல்தான். உடைத்துப் பார்த்தால் உள்ளே கருநீலமாக, எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்புத் தெரியும். உலகமெங்கும் உள்ள புவியியல் புத்தகங்களில் இந்தக் கல்லுக்கு ஒரு பெயர் உண்டு: சார்னோக்கைட். பல்லாவரத்துக் கல்லுக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? அது ஊரின் பெயரிலிருந்து வந்ததல்ல. கல்கத்தாவில் உள்ள ஒரு ஆங்கிலேயரின் கல்லறையிலிருந்து வந்தது!

கதைக்குப் போகும் முன் இரண்டு சொற்களைப் பார்த்துவிடுவோம். கனிமம், பாறை. பரீட்சையில் பலரும் குழப்பிக்கொள்ளும் சொற்கள் இவை. இயற்கையில் தானாக உண்டான, திடமான, குறிப்பிட்ட வேதியியல் சேர்க்கையும் ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட பொருள் கனிமம். குவார்ட்ஸ் ஒரு கனிமம். அதை எங்கே எடுத்தாலும் சிலிக்கன் ஒன்றுக்கு ஆக்சிஜன் இரண்டு என்ற கணக்குதான். பாறை என்பது பெரும்பாலும் பல கனிமங்கள் சேர்ந்த கலவை. கடையில் வாங்கும் மிக்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை எல்லாம் தனித்தனிக் கனிமங்கள் என்றால், மிக்சர்தான் பாறை. வேர்க்கடலை எவ்வளவு கூடினால் அதற்கு வேறு பெயர் வைக்கலாம்? அதை மிக்சர் சொல்லாது, மனிதர்கள்தான் முடிவு செய்யவேண்டும். பாறைகளின் பெயர்களும் அப்படித்தான்.

இப்போது கல்லறைக்கு வருவோம். ஜாப் சார்னோக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஏஜெண்ட். மொகலாயர்களோடு சண்டை முற்றியதால் கம்பெனிக்காரர்கள் வங்காளத்தை விட்டுக் கிளம்பி 1689-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். சார்னோக் ஓராண்டுக்கு மேல் புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கினார். அவருடைய மகள்களுக்கு அந்த வருடம் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. பிறகு சமாதானம் ஆகி, 1690 ஆகஸ்ட் 24 அன்று ஹூக்ளி நதிக்கரையில் சுதானுதி என்ற கிராமத்தில் போய் இறங்கினார். பின்னாளில் கல்கத்தாவாக வளர்ந்த கிராமங்களில் அதுவும் ஒன்று.

1693 ஜனவரியில் அவர் இறந்தார். (கல்லறையில் 1692 என்று இருக்கும். அந்தக் காலத்து ஆங்கிலேயருக்குப் புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. எனவே இரண்டும் சரிதான்.) மருமகன் சார்லஸ் அயர் அவருக்கு எட்டுப்பக்க மண்டபம் ஒன்று எழுப்பினார். இன்றும் அது கல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. உள்ளே லத்தீனில் எழுத்துப் பொறித்த கரிய கல்பலகை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கல்கத்தா நிற்பது வண்டல் மண்ணின் மேல். எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும், பலகையாக வெட்ட ஒரு பாறை கிடையாது. அப்படியானால் இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

இருநூறு வருடம் கழித்து இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட். 1890-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த இளைஞர், அப்போது வயது இருபதுகளில். பின்னாளில் அந்தத் துறைக்கே இயக்குநர் ஆனார். அவர் நம்பியது நுண்ணோக்கியை. ஒரு கல் துண்டை 0.03 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்தால் கருங்கல்கூடக் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். முனைவாக்கிய ஒளியில் வைத்துத் திருப்பினால் ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய நிறத்தைக் காட்டிவிடும். இந்தக் கல்லில் குவார்ட்ஸ் இருந்தது, பெல்ஸ்பார் இருந்தது. அதுவரை சரி, கிரானைட்டில் இருப்பவைதான். ஆனால் மைக்கா இருக்கவேண்டிய இடத்தில், திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பும் பச்சையுமாக மாறும் வேறொரு கனிமம் இருந்தது. ஹைபர்ஸ்தீன். இரும்பும் மெக்னீசியமும் கலந்த சிலிகேட் அது.

கிரானைட் போன்ற கல்லில் ஹைபர்ஸ்தீன் முக்கியக் கனிமமாக இருக்கும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சென்னைப் பக்கத்துக் குன்றுகளின் கல்லோடு இது அப்படியே ஒத்துப்போனது. கல்லறைப் பலகை அங்கிருந்து கப்பலில் போனது என்று ஹாலண்ட் முடிவுக்கு வந்தார். 1893-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, புதிய பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரும் சூட்டினார். சார்னோக் தனக்கே தெரியாமல் இந்தப் பாறையின் முதல் மாதிரியைத் தலைநகருக்குக் கொண்டுவரக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். செத்த பிறகு ஒருவர் கல் கொண்டுவந்தார் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்! பல்லாவரத்தின் பெயரை வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஒரிசாவின் கோந்து பழங்குடியினர் பெயரால் கோண்டலைட் என்று இன்னொரு பாறைக்குப் பெயர் வந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

1900-ல் ஹாலண்ட் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். பல்லாவரம் மட்டுமல்ல, நீலகிரி, சேர்வராயன் மலைகளின் பாறைகளும் ஒரே குடும்பம் என்றார். குவார்ட்ஸ் நிறைந்த வெளிர் வகை முதல் குவார்ட்ஸே இல்லாத மிகக் கரிய வகை வரை எல்லாவற்றையும் ஒரே தொடராக அடுக்கினார். இவை எல்லாம் உருகிய குழம்பு ஆறி உறைந்து உண்டான தீப்பாறைகள் என்பது அவர் கருத்து.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. பாறைகளில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகை என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டுக் காட்டுவது எளிது. ஆனால் சார்னோக்கைட் எந்தக் கட்டத்திலும் ஒழுங்காக உட்காரவில்லை. ஏற்கெனவே இருந்த பாறை பூமிக்குள் ஆழமாகப் புதைந்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதுதான் இது என்று வேறு சிலர் வாதிட்டார்கள். ஹைபர்ஸ்தீன் உண்டாக நீர் குறைந்த சூழலும் 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் போதும், பாறை முழுக்க உருகியிருக்க வேண்டிய அவசியமில்லை என்பது அவர்கள் பக்க நியாயம். ஐம்பது வருடம் கழிந்தும் தீரவில்லை. 1953-ல் மைசூர்ப் புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து இந்தச் சிக்கலைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

1960-ல் நேச்சர் இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரைதான் பெரிய திருப்பம். கர்நாடகத்தில் கனகபுரா பக்கம் உள்ள கப்பாளதுர்கத்தில் வெளிர்நிற நைஸ் பாறைக்குள் அங்கங்கே திட்டுத் திட்டாகவும் பட்டை பட்டையாகவும் கரிய சார்னோக்கைட் இருப்பதை அவர் காட்டினார். நைஸின் வரிகள் கரிய திட்டுக்குள் நுழைந்து மங்கி மறைகின்றன. அதாவது ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுபோன காட்சி! கார்பன் டை ஆக்சைடு நிறைந்த பாய்மம் ஆழத்திலிருந்து விரிசல்கள் வழியே ஏறி நீரை வெளியேற்றியதால் இப்படி நடந்தது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதற்காக ஹாலண்ட் தோற்றுவிட்டார் என்றும் சொல்லமுடியாது. குழம்பிலிருந்து நேரடியாக உறைந்த சார்னோக்கைட்டுகளும் உலகில் இருக்கின்றன. இரண்டு வழியிலும் ஒரே கல் உண்டாகலாம். மூன்று கட்டம் போட்ட பாடப்புத்தகம் இதை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. 1988-ல் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் பைராக்சீன் வகைக் கனிமங்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தியது. மெக்னீசியம் மிகுந்தால் என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் பெர்ரோசிலைட், இடையில் தனிப் பெயர் தேவையில்லை என்று முடிவு செய்து ஹைபர்ஸ்தீன் என்ற பெயரையே நீக்கிவிட்டது. கனிமத்தின் எல்லையை இயற்கை போடுகிறது, பாறையின் எல்லையை மனிதன் போடுகிறான் என்று பார்த்தோமே, கனிமத்திலும் சில கோடுகள் மனிதன் போட்டவைதான்! எந்தக் கனிமத்தை வைத்துச் சார்னோக்கைட்டை அடையாளம் கண்டார்களோ அதன் பெயர் அதிகாரப்பூர்வமாகப் போய்விட்டது, பாறையின் பெயர் நின்றுவிட்டது.

சார்னோக்குக்கும் சோதனை வந்தது. 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், நிபுணர் குழுவின் அறிக்கையை ஏற்று, அவரை நகரத்தை நிறுவியவராகக் கருதமுடியாது என்றும் ஆகஸ்ட் 24 நகரத்தின் பிறந்தநாள் அல்ல என்றும் தீர்ப்பளித்தது. ஹாலண்ட் அவருக்குப் பெயர் வைத்ததே நகரத்தை நிறுவியவர் என்ற மரியாதையில்தான்.

சென்னைக் குன்றுகளின் சார்னோக்கைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இலங்கையின் மலைநாட்டிலும் அண்டார்டிகாவிலும்கூடச் சார்னோக்கைட் உண்டு. பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசிய புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான்.