துப்பாக்கி கேமராவான கதை

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்கள் வயதுக்காரர்களுக்கு 'ஃப்யூசி' என்றால் துப்பாக்கி என்று தெரியும். அந்தப் பெயரில் ஒரு கேமராவும் இருந்தது. எத்தியேன் ழூல் மரே என்ற பிரெஞ்சு அறிஞர் 1882-இல் செய்தது. பறக்கும் பறவையைக் குறிபார்த்து விசையை இழுத்தால் குண்டு பாயாது. வினாடிக்கு 12 படங்கள் பதிவாகும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்ற வக்கீல் மான் வேட்டைக்காரர். பின்னாளில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். மிருகங்கள் நடக்கும் தடத்தில் கயிறு கட்டுவார். கால் இடறினால் வெளிச்சப் பொடி பளீரென்று எரியும், படம் விழும். படம் எடுப்பது மிருகமேதான்! அவருடைய 74 படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகை வெளியிட்டது.

நம் நாட்டில் ராஜாக்களும் துரைமார்களும் செத்த புலிமேல் கால்வைத்துப் போட்டோ பிடித்துக்கொண்ட காலம் அது. ஐக்கிய மாகாணத்து வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் காட்டுப்பாதையில் கம்பி கட்டி, உயிரோடு நடமாடும் புலியை இரவில் படம் பிடித்தார். 1927-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.

1990-களில் உல்லாஸ் கரந்த் நாகரஹொளெ காட்டில் இதே வித்தையைக் கொண்டு புலிகளைக் கணக்கிட்டார். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இராது, நம் கைரேகை மாதிரி. கால்தடம் பார்த்து எண்ணிய காலத்தில் ஒரே புலி இரண்டாகிவிட வாய்ப்புண்டு. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்தவை சுமார் 3.48 கோடி படங்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கே தலை சுற்றுகிறது.

இப்போது கயிறும் இல்லை, பொடியும் இல்லை. உடம்புச் சூடு அசைவதை உணர்ந்து கேமரா தானே எடுத்துக்கொள்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளும் ஒன்று வாங்கிக் காலிமனை வேப்பமரத்தில் கட்டியிருக்கிறார்கள். நள்ளிரவில் ஓட்டின்மேல் ஓடுவது திருடன் என்றார்கள் சிலர், பேய் என்றார்கள் சிலர். படத்தில் வந்தது மரநாய், வாயில் குட்டியைக் கவ்வியபடி. விஷம் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முகம் தெரியாததைக் கொல்வது சுலபம். ஷிராஸும் சாம்பியனும் நமக்குக் காட்டியது அந்த முகத்தைத்தான். உங்கள் ஓட்டிலும் சத்தம் கேட்டால், விஷத்தைத் தேடுமுன் யாரென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.